ஆறு வாசலும் சேர்ந்தே காலியாகலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரப் பக்கத்தை நான் விடாமல் படிக்கிறவள். கொஞ்ச நாளாகவே அதில் "6 வாசல் லைன் வீடு, மாத வாடகை 30,000 வருகிறது, உடனே கிரயம்" என்கிற மாதிரி விளம்பரங்கள் நிறைய வருகின்றன (வாசல் என்றால் ஒரு குடித்தனம் இருக்கிற வீடு). என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேர் அதில் ஒன்றைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, நகையை வைத்தாவது வாங்கிவிட வேண்டும் என்று அலைகிறார்கள். வாங்க வேண்டாம் என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நானே 2019 ஆவணியில் அப்படி ஒன்றை வாங்கி இன்றைக்கும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த "மாத வாடகை 30,000" என்ற ஒரு வரியை நம்பி யாரும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குத் திருப்பூர் அனுப்பர்பாளையம். வீட்டுக்காரர் பாத்திரப் பட்டறையில் வேலை, நான் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு பேருக்கும் பென்சன் கிடையாது. கை ஓய்ந்த பிறகு மாதம் ஒரு தொகை வர வேண்டும், அதற்கு வாடகையை விட்டால் வேறு வழி தெரியவில்லை. அபார்ட்மென்டில் ஒரு வீடு வாங்கி விட்டால் போட்ட பணத்துக்கு வருசம் 3 சதவீதம் வந்தாலே பெரிது என்று பட்டது, லைன் வீட்டில் அதைப்போல இரண்டு மடங்கு வரும் என்றார்கள். அது உண்மைதான். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், லைன் வீடு என்றால் ஒரே சுவரை ஒட்டி வரிசையாக ஒரு ரூம், ஒரு சமையல் தடுப்பு, அவ்வளவுதான்; கழிவறையும் தண்ணீர்த் தொட்டியும் எல்லோருக்கும் பொது. திருப்பூரில் பிழைக்க வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் முதலில் இறங்குவது இதில்தான்.

எங்களுக்குக் காட்டியது மூணே முக்கால் சென்ட், கீழே நாலு வாசல், மேலே இரண்டு, விலை 36 லட்சம். புரோக்கர் வாசலுக்கு 4,000 என்று கணக்குப் போட்டார். "அம்மணி, ஆறு நாலு இருபத்திநாலாயிரம். பேங்க் தவணை இருபத்திரெண்டு. வீடே வீட்டை வாங்கிக்குமுங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், கணக்கை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியைப் போட வேண்டியது வாங்குகிற நாங்கள். நாளெல்லாம் கம்பெனிக் கணக்கு எழுதுகிறவள், எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை.

மீதிக் கணக்கு இதுதான். அப்போது முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம், ஆக 36 லட்சத்துக்கு 3 லட்சத்து 96 ஆயிரம் (2023-க்குப் பிறகு பதிவுக் கட்டணம் 2 சதவீதம்தான், ஆனால் அரசாங்கம் குறித்து வைக்கிற வழிகாட்டி மதிப்பு ஏறிவிட்டது, 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் இன்னும் 1 சதவீதம் குறைவு). கமிஷன் 36 ஆயிரம். மொத்தம் 40 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வருகிற வாடகையோ, புரோக்கர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, வாசலுக்கு வருசத்தில் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று வைத்தாலே 24 ஆயிரம் 22 ஆயிரமாகிவிடும். சொத்து வரி, மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க் எடுக்கிற லாரி, சுண்ணாம்பு, குழாய், கூரை ஒழுகல் எல்லாம் சேர்த்து மாதத்துக்கு 3 ஆயிரம் தாராளமாகப் போகும். மிச்சம் 19 ஆயிரம். போட்ட பணத்துக்குப் பார்த்தால் ஐந்தரை சதவீதத்துக்குச் சற்று மேலே. அன்றைக்குப் பேங்க் வட்டி 9 சதவீதம். ஐந்தரை சதவீதம் தருகிற பொருளை 9 சதவீத வட்டியில் எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமாக வாங்குகிறோமோ அவ்வளவுக்கு மாதா மாதம் கையிலிருந்து போகும். இடத்தின் விலை ஏறுவது வேறு விசயம், அதை வைத்து இந்த மாதத் தவணையைக் கட்ட முடியாது.

பேங்கில் இன்னொரு பாடம். வீட்டுக்கு வாங்கியிருந்த வரைபட அனுமதி தரைத்தளத்துக்கு மட்டும், அதுவும் இரண்டு வீட்டுக்கு. மேலே கட்டிய இரண்டு வாசலும் அனுமதியில் இல்லை. மதிப்பீடு செய்ய வந்த இஞ்சினியர் அதைச் சேர்க்கவே இல்லை. 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருந்தாலும், எந்த மதிப்பில் என்பதுதானே கேள்வி. 28 லட்சம் கிடைக்கும் என்று நினைத்திருந்தோம், 22 லட்சம்தான் கிடைத்தது, 15 வருசத்துக்கு மாதத் தவணை சுமார் 22,300. மீதி 18 லட்சத்துச் சொச்சத்துக்கு என் சீட்டுப் பணம், அவினாசிப் பக்கம் என் பங்குக்கு வந்த நிலத்தை விற்ற பணம், போதாததற்கு நகை. அக்ரிமெண்ட் போட்டு முன்பணம் கொடுத்த பிறகுதான் இதெல்லாம் தெரிந்தது, அதுதான் பெரிய தப்பு. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரி, அதெல்லாம் வக்கீல் பார்த்துவிடுவார். அனுமதி எத்தனை வீட்டுக்கு, நிற்பது எத்தனை வீடு என்பதை நாம்தான் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டலாம் என்று விற்பவர் சொன்னதற்கு மட்டும் நாங்கள் சம்மதிக்கவில்லை. நாளைக்கு விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரி நம் தலையில்தான் விழும்.

அப்புறம் அட்வான்ஸ். ஆறு குடித்தனக்காரர்களும் பழைய ஓனரிடம் ஆளுக்கு 20,000 கொடுத்து வைத்திருந்தார்கள். கிரயம் ஆகிற அன்றைக்கு அந்த 1 லட்சத்து 20 ஆயிரத்தை விலையில் கழித்திருக்க வேண்டும். எங்களுக்குத் தோன்றவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதமே ஒருவர் வீட்டைக் காலி செய்து "அக்கா, அட்வான்ஸ் கொடுத்தீங்கன்னா ஊருக்குக் கிளம்பிருவேனுங்க" என்று வந்து நின்றார். அவர் மேல் என்ன குற்றம்? வீட்டோடு அந்தக் கடனும் எங்களுக்கு வந்துவிட்டது. என்னோடு வேலை பார்க்கிற ஒருவருக்கு இதைவிட மோசம், அவர் வாங்கிய நாலு வாசலில் ஒன்று 3 லட்சத்துக்குப் போக்கியத்தில் இருந்திருக்கிறது. வாடகையே கிடையாது, காலி செய்யச் சொன்னால் 3 லட்சம் திருப்ப வேண்டும். பதியாத போக்கியம் வில்லங்கச் சான்றில் வராது. அதனால் புரோக்கர் இல்லாத நேரத்தில் தனியாகப் போய், ஒவ்வொரு வாசலிலும் நின்று, எவ்வளவு வாடகை, எவ்வளவு அட்வான்ஸ், எத்தனை வருசமாக இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். குடியிருப்பவர்கள் மறைக்க மாட்டார்கள். நாங்கள் அப்படிக் கேட்டிருந்தால் 4,000 கொடுத்துக்கொண்டிருந்தது மேல் வீடு இரண்டு மட்டும்தான், கீழே இரண்டு பேர் 3,200, இரண்டு பேர் 3,000 என்று முதல் நாளே தெரிந்திருக்கும்.

மின்சாரத்தைப் பற்றி நிறைய எழுத வேண்டும், ஏனென்றால் இதில் குடியிருப்பவர்கள் வயிறு எரிகிறது. எங்கள் வீட்டில் ஆறு வாசலுக்கும் ஒரே சர்வீஸ், அதாவது ஒரே மின் இணைப்பு, உள்ளே ஆறு சப் மீட்டர். பழைய ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினார், நானும் மூன்று வருசம் அதையே வாங்கினேன். 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியபோதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 150 யூனிட், ஆறு வீட்டுக்கு 900. அன்றைய கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம், 400 வரை 4.50, 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9, அதற்கு மேல் 10 ரூபாய் என்று ஒரே சர்வீஸில் போட்டால் 5,550 ரூபாய். அதே ஆறு வீட்டுக்கும் தனித்தனி சர்வீஸ் இருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டுக்குள் முடிகிற வீட்டுக்கு 200 வரை 2.25 ரூபாய்தான் என்பதால் மீதி 50 யூனிட்டுக்கு 112.50 ரூபாய், ஆறு வீட்டுக்கும் சேர்த்தே 675 ரூபாய்தான். நான் அவர்களிடம் வாங்கியது 7,200. அரசாங்கம் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் கொடுத்த 100 யூனிட்டை ஐந்து குடும்பத்துக்குக் கிடைக்காமல் செய்துவிட்டு, அதற்கு மேலேயும் காசு வாங்கியிருக்கிறேன் என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு வாசலுக்கும் தனி வயரிங் இழுத்து, மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, ஆள் வந்து தனி வாசல், தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு தனி இணைப்பு வாங்கினோம். செலவுதான், ஆனால் அதற்குப் பிறகு வாடகையை 500 ஏற்றினபோது ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. மோட்டாருக்கும் படிக்கட்டு லைட்டுக்கும் பொது சர்வீஸ் வைத்தால் அதற்கு வேறு விகிதம். 10 வீட்டுக்குள், 3 மாடிக்குள், லிப்ட் இல்லாத கட்டடத்துக்கு 2023-இல் அதை 8 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் குறைத்தார்கள். வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் சாயங்காலம் சாவகாசமாகப் போகாதீர்கள். வேலை நாளில் காலை 6 மணிக்குப் போங்கள். நாங்கள் ஒரு ஞாயிறு மத்தியானம் போய்ப் பார்த்தோம், எல்லாம் அமைதியாக, சுத்தமாக இருந்தது. குடிவந்தவர்களில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, செக்கிங் வேலை, ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "எட்டரைக்கு ஷிப்ட்டுங்க அக்கா. ஆறு வீட்டுக்கு ரெண்டு கக்கூஸ். நான் நாலரைக்கே எந்திரிச்சிருவேன், இல்லைன்னா வரிசையில நிக்கணும், ஆம்பளைங்க நிக்கிறப்ப நம்மனால நிக்க முடியாது." ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிறவள் நாலரைக்கு எழுந்தால் உடம்பு என்னத்துக்காகும். அடுத்த வருசம் இன்னும் இரண்டு கழிவறை கட்டினோம், ஒன்று பெண்களுக்கு மட்டும் என்று உள்தாழ்ப்பாளும் லைட்டும் போட்டு. அவள் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். தண்ணீரும் அப்படித்தான். நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, தொட்டி எவ்வளவு பிடிக்கும் என்று பாருங்கள். நொய்யலை ஒட்டின பகுதி என்றால் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதித்துப் பார்த்துவிடுங்கள், சாயத் தண்ணீர் இறங்கின நிலத்தில் அது பாத்திரம் கழுவக்கூட ஆகாது, பிறகு லாரித் தண்ணீர் வாங்கியே வாடகை தீரும்.

இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது எங்கள் ஆறு வாசலிலும் இருந்தவர்கள் பனியன் தொழிலாளிகள், அதிலும் நாலு பேர் ஒரே கம்பெனி. வாங்கின புதிதில் எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது, எல்லோரும் சம்பளக்காரர்கள், சனிக்கிழமை சனிக்கிழமை கையில் காசு வருகிறவர்கள் என்று. கம்பெனி மூடியது, ஒரே வாரத்தில் மூன்று வாசல் காலி, அடுத்த மாதம் இன்னும் இரண்டு. மீதியிருந்த குடும்பத்திடம் வாடகை கேட்க வாய் வரவில்லை. தவணையை ஆறு மாதம் தள்ளி வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது, நாங்களும் தள்ளி வைத்தோம், ஆனால் வட்டி நிற்கவில்லை, ஒரு லட்சத்துக்கு நெருக்கமாகக் கடனோடு சேர்ந்துவிட்டது. அப்போது பக்கத்துத் தெருப் பெரியம்மா ஒருவர், முப்பது வருசமாக லைன் வீடு வைத்திருப்பவர், சொன்னார்: "2011-ல கோர்ட்டு சாயப்பட்டறையெல்லாம் மூடச் சொன்னப்பவும் இப்படித்தான் கண்ணு. பத்து வாசல்ல எட்டு வாசல் பூட்டிக் கிடந்துச்சு. வாசலை எண்ணாதே, எத்தனை தொழில் குடியிருக்குன்னு எண்ணு."

அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டோம். ஆறு பேரும் ஒரே தொழிலில் இருந்தால் அது ஆறு வருமானம் இல்லை, ஒரே வருமானத்தை ஆறு கதவு வழியாக வாங்குகிறோம், அவ்வளவுதான். காலியாகும்போது அடுத்தவரை வைப்பதில் கொஞ்சம் பொறுமையாக இருந்தோம். இப்போது ஒருவர் பாத்திரப் பட்டறை, ஒருவர் பள்ளிக்கூடத்தில் ஆயா, ஒருவர் டூவீலர் மெக்கானிக், ஒருவர் காய்கறி மார்க்கெட்டில், இரண்டு குடும்பம் பனியன், அதில் ஒன்று ஒடிசாக்காரர்கள், மூன்று வயதுக் குழந்தையோடு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஏற்றுமதி ஆர்டர்கள் நின்றபோது எங்கள் தெருவில் பல வீட்டில் டூ-லெட் போர்டு தொங்கியது, எங்களுக்குக் காலியானது ஒரே ஒரு வாசல். வடமாநிலத்து ஆட்களை ஒரு ரூமில் எட்டுப் பேராக அடைத்து தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால் இரண்டு மடங்கு வரும் என்று சிலர் எனக்கு யோசனை சொன்னார்கள். கூடாது. மனுசர் படுக்கிற இடம் அது, அதோடு போனால் எட்டுப் பேரும் ஒரே ரயிலில் போய்விடுவார்கள்.

சின்னச் சின்னதாக இன்னும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் வீடு மாற மாட்டார்கள், ஆனிக் கடைசியில் காலியானால் ஆவணி வரை பூட்டுத்தான். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களில் சிலர் திரும்புவதில்லை. வாடகைத் தேதியை 5-ஆம் தேதி என்று வைக்காமல் இரண்டாவது சனிக்கிழமை என்று வைத்த பிறகு எனக்கு ஒரு மாதம்கூட வாடகை தள்ளிப்போகவில்லை.

எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, சண்டை என்றாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது. 3,200 வாடகைக்கு 20,000 அட்வான்ஸ் என்று பழைய ஓனர் வாங்கியதெல்லாம் இந்த மூன்று மாத அளவுக்கு மீறினது. வருமான வரியில் சொத்து வரியைக் கழித்து மிச்ச வாடகையில் 30 சதவீதமும், கடன் வட்டியும் கழியும். ஆனால் புதிய வரிமுறையில் இருப்பவர்கள் வாடகை நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். லைன் வீடு விளம்பரம் கொடுக்க வருகிறவர்களிடம் வாடகைத் தொகையோடு இன்னும் நாலு விவரம் கேட்டுப் போடச் சொல்லுங்கள். மின் இணைப்பு எத்தனை, கழிவறை எத்தனை, வரைபட அனுமதி எத்தனை வீட்டுக்கு, குடித்தனக்காரர்களின் அட்வான்ஸ் எவ்வளவு. அரை வரி கூடும், அவ்வளவுதான். சொல்ல மறுக்கிற விளம்பரத்தைப் படிக்கிறவர்களே புரிந்துகொள்வார்கள். சொத்துப் பக்கத்தில் அடுக்குமாடிச் செய்திகளுக்கு இடையில் ஒரு வாரமாவது எங்கள் பகுதி லைன் வீடுகளைப் பற்றியும், அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டும் எழுதுங்கள்.

என் அண்ணன் மகள் பெருமாநல்லூர்ப் பக்கம் எட்டு வாசல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள், மாத வாடகை 40,000 என்று சொல்லியிருக்கிறார்கள். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. வருகிற புதன்கிழமை காலை 6 மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு நான் போகிறேன், எட்டு வாசலிலும் கேட்டு எழுத ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.